எண் போட்டுப் பிரித்த கோவில்

ரஷ்யாவில் சுஸ்தால் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2019 ஜூன் கடைசியில் நானும் அக்காவும் அங்கே மூன்று நாள் தங்கினோம். வந்த நாளிலிருந்து அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். தீபாவளித் தையல், பொங்கல் தையல், அப்புறம் கோவிட், அப்புறம் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. போன வாரம் கடையில் துணி வெட்ட வைத்திருக்கும் பெரிய பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய லயத்தை, தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளை, வீடு வீடாக வரைந்துகொண்டிருந்தேன். அப்போது சுஸ்தால் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. சரி, இன்றைக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மகள் நிஷ்னி நோவ்கரத் நகரத்தில் ஆறு வருடம் மருத்துவம் படித்தாள். நம் மலேசியப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த ஊரில் படித்திருக்கிறார்கள். பட்டமளிப்புக்குப் போக அத்தானுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, அக்காவுக்குத் தனியாகப் போகப் பயம். "பால்மரம் வெட்டுன மனுசனோட பேத்தி டாக்டராகுறா, நம்ம வீட்டுலேருந்து ரெண்டு பேராவது போய்ப் பார்க்கணும்" என்று சொல்லி அம்மா தன் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் என் தையல் கடையை இரண்டு வாரம் மூடிவிட்டுக் கிளம்பினேன். துபாயில் விமானம் மாறி மாஸ்கோ, அங்கிருந்து ரயிலில் நிஷ்னி. பட்டமளிப்பைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், அதை எழுத ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

விழா முடிந்த மறுநாள் பிள்ளை சொன்னாள், "சித்தி, இவ்ளோ தூரம் வந்துட்டு மாஸ்கோவுல கடை கடையா ஏறி இறங்கிட்டுப் போகாதீங்க. உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு ஊர் இருக்கு, கூட்டிட்டுப் போறேன்." அப்படித்தான் சுஸ்தால் போனோம்.

நிஷ்னியிலிருந்து மாஸ்கோ போகும் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் விளாதிமிர் வந்துவிடும். சுஸ்தாலுக்கு ரயில் கிடையாது. மாஸ்கோவையும் நிஷ்னியையும் இணைக்கும் பாதை 1862-இல் போடப்பட்டபோது விளாதிமிர் வழியாகப் போய்விட்டது, சுஸ்தால் ஒதுங்கி நின்றுவிட்டது. ரயில் வராததால் பெரிய தொழிற்சாலை வரவில்லை, தொழிற்சாலை வராததால் பழைய ஊரை இடித்துப் புது ஊர் கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை. அந்தக் காலத்தில் அந்த ஊர் வியாபாரிகள் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்கள்! அந்த நஷ்டம்தான் இன்றைக்கு அந்த ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. விளாதிமிர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்று, அதன் அடிவாரம் வரைக்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அங்கே பேருந்து சன்னல் வழியாகப் பார்த்தால் பூமி சப்பாத்திப் பலகை மாதிரி விரிந்து கிடக்கிறது. கறுப்பு மண். பச்சைப் பயிர். திடீரென்று தூரத்தில் ஒரு கோபுரம், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எண்ணவே முடியாத அளவுக்குக் கோபுரங்கள். பத்தாயிரம் பேர்கூட நிறைந்திருக்காத ஊர். ஊருக்குள் கமென்கா என்ற சின்ன ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது, நம் தோட்டத்து ஆற்றைவிடக் கொஞ்சம்தான் அகலம். கரை முழுக்கப் புல், புல்லில் ஆடு. வீடுகள் எல்லாம் ஒரு மாடி, இரண்டு மாடி, அதற்கு மேல் கிடையாது. சன்னல் சட்டங்களில் மரத்தைச் செதுக்கி ஜரிகைக் கரை மாதிரி வேலை செய்திருக்கிறார்கள். நான் அந்தச் சன்னல்களை மட்டுமே ஐம்பது படம் எடுத்திருப்பேன், ரவிக்கைக் கழுத்துக்கு அத்தனையும் டிசைன்.

ஒரு பாட்டியம்மா வீட்டில் அறை எடுத்திருந்தாள் பிள்ளை. மர வீடு, பின்னால் தோட்டம், தோட்டம் முழுக்க வெள்ளரிக்காய். சுஸ்தால் வெள்ளரிக்காய்க்குப் பேர் போன ஊராம், ஜூலை மாதம் வெள்ளரிக்காய்க்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். சதகுப்பைக் கீரை மாதிரி ஒரு கீரையும் பூண்டும் போட்டு உப்புத் தண்ணீரில் ஊறிய வெள்ளரிக்காயை அந்தப் பாட்டியம்மா வேகவைத்த உருளைக்கிழங்கோடு வைத்தார். அக்கா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள், அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த ஊரின் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவது 1024-ஆம் வருடத்துக் குறிப்பில். ராஜா கோட்டை கட்டினார், கோவில் கட்டினார் என்று வரவில்லை. பஞ்சம் என்று வருகிறது. சுஸ்தால் பக்கம் பஞ்சம் வந்தது, அங்கேயிருந்த பூசாரிகள் கிளம்பி, விளைச்சலை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வயதானவர்களைக் கொன்றார்கள், ஜனங்கள் வோல்கா ஆற்று வழியாகப் பல்கர்களின் நாட்டுக்குப் போய்த் தானியம் கொண்டுவந்து பிழைத்தார்கள், யாரோஸ்லாவ் என்ற இளவரசர் வந்து கலகத்தை அடக்கினார். இதுதான் அந்த ஊரின் முதல் வரி. 2024-இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்களே, அந்தக் கணக்கு இந்தப் பசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இதைப் பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. உலகத்துச் சரித்திரப் புத்தகங்களில் சுங்கை சிப்புட் என்ற பெயர் வருவது ஒரே ஒரு நாளுக்காக. 16 ஜூன் 1948, மூன்று வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களில் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அதற்கு முன்னால் அங்கே மரம் வெட்டியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் யாரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அதற்குப் பின்னால் முள்வேலிக்குள் குடியிருந்தவர்களைப் பற்றியும் அதிகம் இல்லை. ஓர் ஊர் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் அங்கே கெட்டது நடக்க வேண்டும் போலிருக்கிறது.

சுஸ்தால் ஒரு காலத்தில் மாஸ்கோவைவிடப் பெரிய ஊர். யூரி தோல்கருக்கி என்ற இளவரசர் இந்தப் பக்கத்து அரசின் தலைநகரை 12-ஆம் நூற்றாண்டில் சுஸ்தாலுக்குக் கொண்டுவந்தார். மாஸ்கோவின் பெயர் ஏட்டில் வருவதே 1147-இல், அதுவும் இதே யூரி ஒரு விருந்துக்கு அழைத்ததாகத்தான். அவர் மகன் ஆந்த்ரேய் 1157-இல் தலைநகரை விளாதிமிருக்கு மாற்றிவிட்டார். அப்போதிலிருந்து சுஸ்தால் மடங்களின் ஊராகிவிட்டது.

கோட்டைக்குள் பெரிய தேவாலயம் இருக்கிறது, நீலக் குமிழ்க் கோபுரத்தில் தங்க நட்சத்திரம் பதித்தது. 1222-இல் தொடங்கி மூன்று வருடத்தில் கட்டியது, கீழ்ப் பாதி மட்டும்தான் அந்தப் பழைய வெள்ளைக்கல், மேல்பாதி 1528 வாக்கில் செங்கல்லில் திரும்பக் கட்டியது. கல் எங்கே முடிகிறது, செங்கல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், இரண்டு துணியை ஒட்டுப் போட்ட மாதிரி. உள்ளே இரண்டு தங்கக் கதவுகள். செப்புத் தகட்டில் படம் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்த் தங்கம் மட்டும் நிற்குமாம். 800 வருடம் ஆகப்போகிறது, இன்னும் மின்னுகிறது. எனக்கு அந்தத் தங்கத்தைவிட, பாதரசப் புகையை மூச்சில் இழுத்துக்கொண்டு வேலை செய்த ஆள் யார் என்ற நினைப்புத்தான் வந்தது. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

அந்தத் தேவாலயம் கட்டி முடித்துப் பதின்மூன்று வருடம்கூட ஆகவில்லை, 1238 பிப்ரவரியில் பாத்து கான் என்பவரின் மங்கோலியப் படை வந்து ஊரைக் கொளுத்திவிட்டது. வயதான துறவிகளையும் குருடர், முடவர், செவிடர்களையும் வெட்டிவிட்டு, மற்றவர்களை, பெண்களையும் பிள்ளைகளையும், கடுங்குளிரில் செருப்பில்லாமல் போர்வையில்லாமல் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று அன்றைய ஏட்டில் இருக்கிறது. நான் தேவாலயத்துக்கு வெளியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தாத்தாவின் தம்பி 1943-இல் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். காலையில் வேலையாள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலிருந்து லாரியில் ஏற்றினார்கள், சாயங்காலம் வந்துவிடுவார் என்று ஆயா சோறு எடுத்து மூடி வைத்திருந்தார். அவ்வளவுதான், அவர் வரவேயில்லை. அக்காவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பக்ரோவ்ஸ்கி மடத்துக்குப் போனோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

1364-இல் தொடங்கிய பெண் துறவிகள் மடம் அது, ஆற்றங்கரையில் வெள்ளைச் சுவருக்குள் இருக்கிறது. ரஷ்ய அரச குடும்பத்தில் வேண்டாத மனைவியைத் தள்ளிவிடும் இடமாகவும் அதுதான் இருந்திருக்கிறது. மகா பீட்டர் தன் முதல் மனைவி எவ்தோக்கியாவை 1698-இல் இங்கேதான் அனுப்பினார். அதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலியின் மனைவி சோலமோனியா. 1505-இல் கல்யாணம். இருபது வருடம் பிள்ளை இல்லை. அதைக் காரணம் காட்டி 1525-இல் அவருக்கு முடி வெட்டித் துறவியாக்கி, சோபியா என்று பெயரையும் மாற்றி, இங்கே அனுப்பிவிட்டு, வசீலி அடுத்த வருடமே இளவயதுப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்குப் பிறந்தவர்தான் பயங்கர இவான் என்று பாடத்தில் படித்தோமே, அவர்.

இனி ஊர் சொல்லும் கதை. சோலமோனியா மடத்துக்கு வந்தபோது முழுகாமல் இருந்தாராம். அங்கேயே ஆண் பிள்ளை பிறந்ததாம். சேதி மாஸ்கோவுக்குப் போனால் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, யாரோ நம்பிக்கையானவர்களிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பிள்ளை செத்துவிட்டது என்று சொல்லி ஒரு பொம்மையைப் புதைத்தார்களாம். நாலு நூற்றாண்டாக இது வெறும் கதைதான். 1934-இல் மடத்தின் கீழ்த்தளக் கல்லறைகளைத் திறந்தபோது சோலமோனியா கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லறை இருந்தது. உள்ளே எலும்பு இல்லை. கந்தல் துணி மூட்டை, அதற்கு உடுத்திய ஒரு குழந்தைச் சட்டை.

பட்டுச் சட்டை. முத்து வைத்துத் தைத்தது. அதைச் சீர்செய்து ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான் முப்பத்தோரு வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். குழந்தைச் சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், தொட்டில் போடுகிற வீடா, இல்லை வேறு எதற்காவதா என்று. செத்துப் பிறந்த பிள்ளைக்கு உடுத்த வேண்டும் என்று என்னிடம் ஒருவர் துணி கொண்டுவந்திருக்கிறார், ராத்திரியே தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பொம்மைக்கு உடுத்தத்தானே, ஏதோ ஒரு துணியைச் சுற்றியிருக்கலாம். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும் என்று நல்ல சட்டையாகப் போட்டார்கள் என்று பிள்ளை சொன்னாள். இருக்கலாம். எனக்கென்னவோ அது ஒரு நிஜப் பிள்ளைக்கென்று தைத்த சட்டை என்றுதான் தோன்றியது. வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம், பிள்ளை பிறந்ததா இல்லையா என்று வாதம் நடக்கிறது. அவர்கள் வாதம் அவர்களுக்கு. இருபது வருடம் "மலடி" என்று சொல் வாங்கியவள் வீட்டை இழந்து, பெயரை இழந்து இந்த மடத்துக்கு வந்தாள் என்பதில் வாதம் ஒன்றும் இல்லை.

1542-இல் அவர் இறந்த பிறகு ஜனங்கள் அவரைப் புனிதராக்கிவிட்டார்கள். இன்றைக்கும் பிள்ளை வேண்டி வருகிற பெண்கள் அவரிடம் வேண்டிக்கொள்கிறார்கள். நம் கோவில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டுகிறோமே, அதே நம்பிக்கை. அக்கா கையில் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவே பதினோரு வருடம் ஆனது. அந்தப் பிள்ளைதான் டாக்டராகி எங்களோடு நின்றது. பிள்ளைக்குத் தெரியும், அவளும் ஒன்றும் கேட்காமல் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பாசோ எவ்ஃபிமியேவ் மடமும் பார்த்தோம், சிவப்புச் சுவர், பெரிய கோட்டை மாதிரி. 1612-இல் மாஸ்கோவை மீட்ட படைக்குத் தலைமை தாங்கிய பஷார்ஸ்கியின் கல்லறை அங்கே இருக்கிறது. அதே மடத்துக்குள் 1766-இல் காத்தரீன் அரசி ஒரு சிறை வைத்தார், இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட ஜெர்மன் தளபதி பவுலஸைக்கூட 1943-இல் கொஞ்ச நாள் அங்கே வைத்திருந்தார்கள். சாயங்காலம் அங்கே மணி அடிப்பதைக் கேட்பதற்காகவாவது ஒருமுறை போக வேண்டும். மற்றபடி கூட்டம், குதிரை வண்டி, பொம்மைக் கடை.

மூன்றாவது நாள்தான் நான் எழுத வந்த விஷயம்.

இந்தக் கல் கோவில்களையும் மடங்களையும் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. இத்தனை மடத்துக்கும் சோறு போட்டது யார்? மடங்களுக்குச் சொந்தமாக ஊர் ஊராக நிலம், நிலத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் குடியானவர்கள். இத்தனை நாள் மடத்து நிலத்தில் வேலை என்று கணக்கு. 1764-இல் அரசு மடத்து நிலங்களை எடுத்துக்கொண்டது, நிலப்பிரபுக்களின் பண்ணையடிமைகளுக்கு விடுதலை 1861-இல்தான். நம் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி 1910-இல் நின்றது, கங்காணி ஆள் கொண்டுவருவது 1938-இல் நின்றது. எங்கள் அப்பாவின் அப்பா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்தவர். அதனால் இந்தக் கேள்வி எனக்குத் தானாக வந்துவிடும். அந்தக் குடியானவர்கள் எங்கே குடியிருந்தார்கள், அவர்கள் வீடு எங்கே?

பிள்ளையிடம் கேட்டேன். "மர வீடு சித்தி, எல்லாம் எரிஞ்சு போயிருக்கும். ஆனா வாங்க" என்று கமென்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.

அங்கே ஒரு மேட்டில், பழைய மடம் ஒன்று இருந்து அழிந்த இடத்தில், மரக் கட்டடங்களுக்கென்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய மர வீடுகள், காற்றாலைகள், தானியக் களஞ்சியங்கள், ஆள் உள்ளே ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்கும் பெரிய சக்கரக் கிணறு. நடுவில் இரண்டு தேவாலயங்கள். கஸ்லியாத்தியேவோ கிராமத்தில் 1756-இல் கட்டியது ஒன்று, பதாக்கினோவில் 1776-இல் கட்டியது இன்னொன்று. பெரியது வெயில் காலத்துக்கு, சின்னது குளிர் காலத்துக்கு, ஏனென்றால் பெரிய கோவிலைச் சூடுபடுத்த விறகு கட்டுப்படியாகாது. ஊருக்குள் கல் கோவில்களும் இப்படி ஜோடி ஜோடியாகத்தான் நிற்கின்றன. கூரை முழுக்கச் சின்னச் சின்ன மரச் செதில், மீன் செதில் மாதிரி, வெயிலும் மழையும் பட்டு வெள்ளி நிறமாகிவிட்டது. முதலில் நான் தகரம் என்றே நினைத்தேன்.

கோட்டைக்குள்ளும் இப்படி ஒன்று நிற்கிறது, குளோத்தவோ கிராமத்தில் 1766-இல் கட்டிய நிகோலா கோவில். 1960-இல் அதைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். எப்படி என்று பிள்ளையை விடாமல் கேட்டேன், அவள் அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டுச் சொன்னாள். மரக் கட்டைகளை முனையில் குடைந்து ஒன்றோடு ஒன்று பூட்டித்தானே சுவர் எழுப்புகிறார்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போடுவார்கள். படம் வரைந்துகொள்வார்கள். உளுத்துப் போன கட்டைக்குப் பதில் அதே அளவில் புதுக் கட்டை செதுக்குவார்கள். அப்புறம் எண் பார்த்து வரிசை தவறாமல் அடுக்குவார்கள்.

அந்த நாட்டில் அது சாமி கும்பிடாத ஆட்சி நடந்த காலம். அதே ஆட்சியில் எத்தனையோ கோவில்களை இடித்துமிருக்கிறார்கள், சுஸ்தாலிலேயே 1930-களில் இடிபட்டவை உண்டு. அப்படியிருந்தும் யாரோ சில பேர் ஒரு குக்கிராமத்து மரக்கோவிலுக்குக் கட்டை கட்டையாக எண் போட்டிருக்கிறார்கள். இடித்தவர்கள் பெயர் எனக்கு வேண்டாம், எண் போட்ட கைகளை நான் கும்பிடுகிறேன்.

எங்கள் தோட்டத்துக் கதை இதுதான். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், அப்புறம் நிலம் கை மாறியது, அப்புறம் வீடமைப்பு வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விலை போன காலத்தில் எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார், அதனால் பிழைத்த தோட்டங்கள் உண்டு. எங்கள் தோட்டம் அதில் வரவில்லை. லயங்களைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். மாரியம்மன் கோவிலுக்குத் தாமான் என்கிற புது வீடமைப்பின் ஓரத்தில் கால்வாய்ப் பக்கம் ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். பாலாலயம் செய்து அம்மனை முறையாகத்தான் எடுத்துப் போனோம், அதில் குறை வைக்கவில்லை. கட்டடத்தை மட்டும் ஒரே காலையில் மண்வாரி வந்து தள்ளிவிட்டது. அந்தக் கோவிலின் முன்கதவு மரக்கதவு. தோட்டத்து ஆசாரி ஒருவர் செதுக்கியது, இரண்டு பக்கமும் கிளி, நடுவில் பூக்கொத்து. கிளியின் மூக்கைத் தடவித் தடவி அது பளபளவென்று ஆகியிருக்கும். கதவை எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் வாடகை வீடு தேடுகிற கவலை. அப்பா மட்டும் சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பார்த்தார், அதற்குள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார்களாம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

குளோத்தவோ கோவிலின் வாசற்படியில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, பதினோரு மணி வரைக்கும் வெளிச்சம். அவ்வளவு நேரமும் யாரும் போகச் சொல்லவில்லை.

ராத்திரி பாட்டியம்மா தேநீர் போட்டு, பழ ஜாமைத் தனியாகக் கிண்ணத்தில் வைத்தார். நாங்கள் கொண்டுபோன முறுக்கை அவர் நாலைந்து சாப்பிட்டார். பிள்ளையை நடுவில் வைத்து என்னிடம் கேட்டார், "உங்கள் ஊர் எத்தனை வருடத்து ஊர்? நீ பிறந்த வீட்டின் படம் இருக்கிறதா?" கைப்பேசியில் தேடினேன். லயத்து வீட்டின் படம் என்று ஒன்றுகூட இல்லை. இருப்பது அக்கா கல்யாணத்தில் எடுத்தது ஒன்றுதான், அதிலும் பந்தல் தெரிகிறது, ஓரத்தில் படிக்கட்டு மட்டும் தெரிகிறது. அந்தப் படிக்கட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், அவர் வீட்டுச் சன்னல் சட்டத்தைச் செதுக்கியது யார், எந்த வருடம், பச்சை வர்ணம் எப்போது நீலமானது என்று கை வைத்துக் காட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொல்லி முடித்து, "நீயும் எழுதி வை, பிள்ளைகள் பிறகு கேட்பார்கள்" என்றார்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் ஆரம்பித்தேன். முதலில் கடைக்குத் துணி கொடுக்க வருகிற பழைய தோட்டத்துக்காரர்களிடம் பேச்சு வாக்கில் கேட்டு, அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். கோவிட் காலத்தில் நாலு பேர் போய்விட்டார்கள், அவர்களிடம் கேட்க வைத்திருந்தது எல்லாம் அவர்களோடு போய்விட்டது. அதற்கப்புறம் வேகமாக எழுதுகிறேன். பெரட்டுக் களம் எங்கே, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை எங்கே, பால் நிறுக்கிற ஸ்டோர் எங்கே, எந்த நிரையில் பேய் இருக்கிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள், ஒட்டுப்பால் மூட்டையை யார் வீட்டுப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள், எல்லாம். கதவின் கிளிகளை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன், அக்கா பார்த்துவிட்டு மூக்கு இன்னும் வளைந்திருக்கும் என்று திருத்தினாள்.

போன வாரம் விரித்த தாளில் மூன்று லயம், லயத்துக்குப் பன்னிரண்டு கதவு, மொத்தம் முப்பத்தாறு. ஒவ்வொரு கதவுக்கும் எண் போட்டேன். எண்ணுக்கு நேராகக் குடும்பத் தலைவர் பெயர், வீட்டுக்காரம்மா பெயர், பிள்ளைகள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்கிறார். முப்பத்தைந்து கதவுக்கும் பெயர் வந்துவிட்டது.

மூன்றாவது லயம் பதினோராவது கதவு மட்டும் காலியாக இருக்கிறது. அந்த வீட்டில் இருந்தவரை எல்லாரும் மெஷின் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்திலேயே தையல் மெஷின் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். ஏழு வயதில் அவர் மடியில் உட்கார்ந்துதான் நான் முதல்முதலாக மெஷினை மிதித்தேன், கால் எட்டாமல் அவர் கால் மேல் என் கால். பிள்ளை இல்லாதவர். அதைச் சொல்லிச் சில பேர் விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் விசேஷத்துக்குப் போடுகிற சட்டை எல்லாம் அவர் தைத்ததுதான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் அம்மாவுக்குத் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரியவில்லை, நான் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர் இப்போது கோலகங்சாரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னார்கள். சம்பளப் புத்தகத்தில் பெயர் எழுதிய கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.